மாவட்டத்திற்கு ஒரு பொது நாட்காட்டி தேவை

ஆடிப்பட்டம் தேடி விதைக்கத் தெரிந்த நம் விவசாயிகளுக்கு, அரசாங்க அலுவலகங்களின் பட்டம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. எந்தக் கிழமையில் எந்த முகாம், எந்த இடத்தில் எந்தக் கூட்டம், எந்தத் தேதியோடு எந்த மானியத்திற்குக் கெடு முடிகிறது என்ற விவரங்கள் பெரும்பாலும் காரியம் கைநழுவிய பிறகே வந்து சேருகின்றன. இதற்கு அதிகப் பணம் பிடிக்காத வழி ஒன்று இருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் விவசாயியோடு தொடர்புடைய எல்லா அலுவலகங்களின் தேதிகளையும் ஒன்றுசேர்த்து, மாவட்ட இணையதளத்தில் ஒரே நாட்காட்டியாகப் போட வேண்டும். அந்த நாட்காட்டியைக் காகிதத்தில் அச்சிட்டு ஊர் ஊராக ஒட்டவும் வேண்டும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். கல்வராயன் மலை அடிவாரத்தில் எனக்கு இரண்டரை ஏக்கர் நிலம். ஒன்றரை ஏக்கரில் மரவள்ளி, மீதியில் கரும்பு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டாவில் இருந்த ஒரு பிழையைச் சொல்வதற்காகக் குறைதீர்ப்புக் கூட்டத்திற்குப் புறப்பட்டேன். மலை மேலிருந்து வந்த நண்பர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். முதல் பஸ்ஸைப் பிடிக்க அவர் இருட்டோடு இரண்டு மைல் நடந்து வந்தவர். கூட்டம் நடக்கும் இடத்தில் நாற்காலிகள் இருந்தன, ஆட்கள் இல்லை. "அடுத்த வாரத்திற்கு மாற்றியாகிவிட்டதே, பேப்பரில் போட்டோமே" என்றார் அங்கிருந்த ஊழியர். அவர் மீது குற்றமில்லை. ஆனால் அந்தச் செய்தி எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

வெறுங்கையோடு ஊர் திரும்பினால், அன்று காலையில்தான் மண் மாதிரி எடுக்க ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். பராமரிப்புப் பணிக்காக அன்றைக்கே மின்சாரத்தையும் நிறுத்திவிட்டதால், கரும்புக்குப் பாய்ச்சிய தண்ணீர் பாதி வயலோடு நின்றிருந்தது. மூன்று அலுவலகங்களும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன. ஒன்றின் தேதி மற்றொன்றுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மூன்று தேதிகளும் வந்து மோதிய இடம் என்னுடைய இரண்டரை ஏக்கர். எனக்காவது பஸ் கட்டணத்தோடு போயிற்று. மலை நண்பருக்கு ஒரு நாள் கூலியும் போயிற்று.

கலெக்டர் அருகில் வந்தார், தேதி வரவில்லை

இந்தப் பகுதி ஒரு காலத்தில் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டரைப் பார்க்கக் கடலூர் போக வேண்டும். 1993ல் விழுப்புரம் தனி மாவட்டமானது. பயணம் கொஞ்சம் குறைந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகரமாயிற்று. கல்வராயன் மலைக்கும் தனித் தாலுகா கிடைத்தது. மலையில் 1976 வரை ஜாகிர் முறை இருந்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த நிலையிலிருந்து இன்று வெள்ளிமலையிலேயே தாலுகா அலுவலகம் என்பது பெரிய மாற்றம்தான்.

அலுவலகம் இப்படி மூன்று தலைமுறைக்குள் படிப்படியாக அருகில் வந்துவிட்டது. ஆனால் "என்றைக்கு வரலாம்" என்ற செய்தி மட்டும் இன்னும் பழைய வேகத்திலேயே நடந்து வருகிறது. வேளாண்மைத் துறையின் செய்தி ஒரு வாட்ஸ்அப் குழுவில் வரும். கால்நடைத் துறையின் செய்தி மருந்தகச் சுவரில் இருக்கும். மின்தடைச் செய்தி பத்திரிகையில் வரும். வருவாய்த் துறையின் செய்தி கிராம நிர்வாக அலுவலர் சொன்னால் உண்டு. ஊராட்சியின் செய்தி முன்பெல்லாம் தண்டோராவில் வரும். அந்தப் பழக்கத்தை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லும்படி 2022ல் அரசு அறிவுறுத்தியது. நான்கு மாடு மேய்க்கிறவர் இந்த ஐந்து இடத்தையும் தினம் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

எத்தனை தேதிகள்!

ஒரு சிறு விவசாயி ஓர் ஆண்டில் நினைவில் வைக்க வேண்டியவற்றை எண்ணிப் பாருங்கள்.

கிராம சபை முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடியது. 2022 முதல் ஆறு முறை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் பலருக்கும் மனப்பாடம். ஆனால் ஓர் ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கும். இந்த முறை எந்தக் குக்கிராமத்தில், எத்தனை மணிக்கு என்பதுதான் தெரியாது. மலையில் ஒரு குக்கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒரு வேளைப் பயணம்.

திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்ப்பு நாள். விவசாயிகளுக்கென்று மாதம் ஒரு தனிக் கூட்டம். பசலி ஆண்டு ஜூன் 30ல் முடிவதால், அதையொட்டிய மாதங்களில் தாலுகா தோறும் ஜமாபந்தி. அதில் ஒவ்வொரு பிர்க்காவுக்கும் ஒரு நாள் ஒதுக்குவார்கள். அந்த நாளைத் தவறவிட்டாலும் மனு கொடுக்கலாம். ஆனால் ஊர்க் கணக்குகள் எல்லாம் ஒரே மேஜைக்கு வந்து சேரும் வாய்ப்பு அடுத்த ஆண்டுதான் கிடைக்கும்.

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்ய வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். சில ஆண்டுகளில் கெடுவை நீட்டித்ததும் உண்டு. நீட்டித்தது தெரியாமல் விட்டவர்களும் உண்டு. எப்படியும் நீட்டிப்பார்கள் என்று நம்பிக் கெட்டவர்களும் உண்டு.

கோமுகி அணையின் உயரம் 46 அடி. மணிமுக்தா அணை 36 அடி. அணை எத்தனை அடி நிரம்பியது என்பதை ஊரே பேசும். மதகு எந்த நாளில் திறக்கும் என்பதுதான் ஊகமாக இருக்கும். சம்பா நாற்றுக்கு இருபத்தைந்து முப்பது நாள் வயது வேண்டும். இரண்டு நாள் முன்னால் சொல்லும் தேதி மதகைத் திறக்க உதவும். கடைமடைக்காரர் நாற்று விட உதவாது.

இவற்றோடு ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில், அதாவது நம் பக்கத்தில் 'கமிட்டி' என்கிறோமே, அங்கே நடக்கும் ஏல நாட்கள், கோமாரித் தடுப்பூசிச் சுற்றுகள், மின்தடை நாட்கள், உளுந்தூர்பேட்டை புதன்கிழமை ஆட்டுச் சந்தை போன்ற வாரச் சந்தைகள். ஏல நாளும் குறைதீர்ப்பு நாளும் ஒன்றாக வந்தால், பருத்தி மூட்டையோடு கமிட்டியில் இருப்பவர் கலெக்டர் முன்னால் எப்படி நிற்பார்?

கரும்பு ஆலை கற்றுத் தந்த பாடம்

பல தேதிகளை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது நமக்குப் புதிய வித்தை அல்ல. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு பதிந்தவர்கள் இதை அறிவார்கள். நட்ட தேதி, ரகம், நடவா மறுதாம்பா, எத்தனை ஏக்கர் என்பதையெல்லாம் அந்தந்தப் பகுதியின் கரும்பு அலுவலர் பதிகிறார். ஆலை அத்தனை பதிவுகளையும் சேர்த்து, கரும்பின் வயதையும் ஆலையின் அரவைத் திறனையும் பார்த்துக் கட்டிங் ஆர்டர் போடுகிறது. ஒவ்வொரு பகுதியும் தன் இஷ்டத்திற்கு ஒரே நாளில் வெட்டச் சொன்னால் என்ன ஆகும்? ஆலை வாசலில் டிராக்டர் வரிசை நீளும். வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறையும். நஷ்டம் விவசாயிக்கு.

கட்டிங் ஆர்டர் தாமதமாகிறது என்ற குறை நமக்கு உண்டு. அதற்காகப் பதிவே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. பதிவு அந்தந்த இடத்தில், சேர்ப்பு ஓர் இடத்தில் என்பதே அந்த முறையின் சாரம். மாவட்ட நாட்காட்டிக்கும் இதே சாரம்தான் வேண்டும்.

1980-களில் 'டி அண்ட் வி' என்று அதிகாரிகள் சொன்ன வேளாண் விரிவாக்கத் திட்டம் நடந்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உலக வங்கி உதவியோடு வந்த அந்தத் திட்டத்தில் ஒரு விதி உறுதியாக இருந்தது. இரண்டு வாரத்திற்கு ஒரு முறை, குறித்த கிழமையில், குறித்த விவசாயிகளை அலுவலர் பார்த்தாக வேண்டும். திட்டத்தில் குறைகள் பல இருந்தன. ஆனால் "இந்தக் கிழமை ஆபீசர் வருவார்" என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அதுவே பாதி உதவி.

அண்மைக் காலத்திலும் முன்மாதிரி உண்டு. 2018 அக்டோபர் 2 அன்று மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியபோது, எந்த ஊராட்சியில் எந்த நாள் கிராம சபை என்ற அட்டவணையை இணையத்தில் ஏற்றச் செய்தது. அதே 2018ல் தமிழக அரசு தொடங்கிய உழவன் செயலியில் மானியம், விலை நிலவரம், காப்பீடு பற்றிய விவரங்களோடு உதவி வேளாண்மை அலுவலரின் வருகையையும் சேர்த்தார்கள். ஆகவே துறை தோறும் முயற்சி இல்லாமல் இல்லை. ஒரு மாவட்டத்தின் எல்லாத் துறைத் தேதிகளும் ஒரே பக்கத்தில் நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

இணையதளத்தில் எப்படிச் செய்வது?

கம்ப்யூட்டர் நாட்காட்டிகளுக்கென்று உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு பொது வடிவம் இருக்கிறது. 'ஐகேலண்டர்' என்பது அதன் பெயர். 1998ல் வகுக்கப்பட்டு 2009ல் திருத்தப்பட்டது. யாருக்கும் உரிமைக் கட்டணம் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தொடங்கும் நேரம், முடியும் நேரம், இடம், விளக்கம், ஓர் அடையாள எண் ஆகியவற்றை அது வைத்துக்கொள்ளும். தமிழிலேயே எழுதலாம்.

அந்த அடையாள எண்ணில்தான் சூட்சுமம் இருக்கிறது. கூட்டம் தள்ளிப்போனால் புதிதாக இன்னொரு அறிவிப்பு ஒட்ட வேண்டாம். பழைய பதிவிலேயே தேதியை மாற்றினால், அதை எடுத்துக் காட்டும் எல்லா இடங்களிலும் தேதி மாறும். 'ரத்து' என்று குறிக்கவும் வசதி உண்டு. நானும் மலை நண்பரும் ஏமாந்த அந்த வெள்ளிக்கிழமை, இந்த ஒரு வார்த்தை எங்கள் ஊர்ப் பையன்களின் போனில் தெரிந்திருந்தாலே போதும்.

செய்முறை இரண்டு விதம். எல்லாத் துறைகளும் கடிதம் அனுப்ப, கலெக்டர் அலுவலகத்தில் ஓர் எழுத்தர் அத்தனையையும் தட்டச்சு செய்வது ஒரு விதம். இது இரண்டு மாதம் ஓடும். அந்த எழுத்தர் மாற்றலாகிப் போனதும் நின்றுவிடும். ஒவ்வோர் அலுவலகமும் தன் நாட்காட்டியைத் தானே வைத்துக்கொள்ள, மாவட்ட இணையதளம் அவற்றை இழுத்து ஒன்றாகக் காட்டுவது இரண்டாவது விதம். இதுவே நிலைக்கும். கரும்பு அலுவலர் பதிய, ஆலை சேர்க்கிற அதே முறை இது. சேர்ந்த பக்கத்தில் தாலுகா வாரியாகவோ துறை வாரியாகவோ பிரித்துப் பார்க்கலாம். வெள்ளிமலைக்காரர் கல்வராயன் மலைத் தாலுகாவை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்காகப் புதிய தளமோ புதிய செயலியோ வேண்டாம். மாவட்ட இணையதளங்களுக்காகத் தேசியத் தகவலியல் மையம் அமைத்துக் கொடுத்திருக்கும் 'எஸ்3வாஸ்' அமைப்பில் நிகழ்ச்சிகளை அறிவிக்க ஒரு பகுதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பினால் போதும்.

முதல் வாசகர் அதிகாரியே

இந்த நாட்காட்டியால் விவசாயிக்கு மட்டும் பயன் என்று நினைக்க வேண்டாம். அதை முதலில் பார்க்க வேண்டியவர் அதிகாரி. ஒரு துறை முகாமுக்குத் தேதி குறிக்கும் முன் பொதுப் பக்கத்தைத் திறந்தால், அன்று அந்த ஊரில் மின்தடை இருப்பதும், அன்றே வேறொரு துறையின் முகாம் இருப்பதும் கண்ணில் படும். தேதியை ஒரு நாள் தள்ளலாம். அல்லது இரண்டு முகாமையும் ஒரே இடத்தில் வைத்து, மாட்டுக்கு ஊசி போட வருகிறவர் மண் மாதிரியும் கொடுத்துவிட்டுப் போகும்படி செய்யலாம். மலைக்கு இரண்டு ஜீப் போகும் இடத்தில் ஒன்று போனால் போதும். மோதல் விவசாயியின் வயலில் நடப்பதற்கு முன் அதிகாரியின் மேஜையிலேயே தெரிந்துவிட வேண்டும். தேதிகளை ஒன்றுசேர்ப்பதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது.

மலையில் சிக்னல் இல்லையே?

நியாயமான கேள்வி. கல்வராயன் மலையில் போன் பேசவே பாறை மேல் ஏறி நிற்க வேண்டிய குக்கிராமங்கள் இருக்கின்றன. சமவெளியிலும் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் ஏராளம். இணையதளத்தில் போட்டுவிட்டோம், எங்கள் கடமை முடிந்தது என்று அலுவலகங்கள் கைகழுவினால், இந்த நாட்காட்டியால் மலைவாசிக்கு ஒரு பயனும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேதிகள் ஓர் இடத்தில் சேர்ந்தால்தான் அவற்றை ஒரு தாளில் அச்சிட முடியும். மாதத்தின் 25ஆம் தேதியன்று, அடுத்த மாதத்திற்கான தாலுகாப் பக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பால் சங்கம், பள்ளிக்கூடம் ஆகிய நான்கு சுவர்களில் ஒட்டலாம். வானொலியில் வாசிக்கலாம். இந்தப் பக்கத்தைப் போன்ற பத்திரிகைப் பகுதிகளும் வெளியிடலாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலே தகவலைத் தரும் கடமையைச் சொல்லும்போது அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, இணையம் எல்லாவற்றையும் சேர்த்தே சொல்கிறது.

இன்னொரு குறையையும் மறைக்க வேண்டாம். இணைய நாட்காட்டியில் செய்த மாற்றம் சில போன்களில் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகலாம். ஆகவே, அன்றைய கூட்டத்தை அன்றே ரத்து செய்தால், ஊராட்சிச் செயலருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் போனில் சொல்லியே ஆக வேண்டும்.

என்னென்ன விதிகள் வேண்டும்?

1. யார் கூட்டத்தைக் கூட்டுகிறாரோ அவரே பதிய வேண்டும். இரண்டு துறைகள் சேர்ந்து நடத்தும் முகாமை இருவரும் பதிந்தால் ஒன்று இரண்டாகத் தெரியும்.

2. தேதியோடு நிற்காமல் இடம், நேரம், கொண்டுவர வேண்டிய சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பட்டியல், விசாரிக்க ஓர் அலுவலகத் தொலைபேசி எண் ஆகியவையும் இருக்க வேண்டும். காகிதம் குறைந்து திரும்பி வருவதும் வீண் பயணமே.

3. கூட்டங்களை மட்டுமல்ல, கெடு முடியும் நாட்களையும் பதிய வேண்டும். காப்பீட்டுக் கடைசி நாளைப் பதினைந்து நாள் முன்பிருந்தே காட்ட வேண்டும்.

4. அரசு விடுமுறைகளை முதலில் ஏற்ற வேண்டும். வாரந்தோறும் வரும் ஏலத்தைத் தானாகத் திரும்பும்படி பதிந்துவிட்டு, பொங்கல் நாளிலும் ஏலம் என்று காட்டக் கூடாது.

5. தள்ளிவைத்ததைப் பக்கத்திலிருந்து அழித்துவிடாமல் "மாற்றப்பட்டது", "ரத்து" என்று எழுதிவைக்க வேண்டும். அழித்துவிட்டால் பழைய தேதியை நம்பியவர் கிளம்பிவிடுவார்.

6. கலெக்டர் அலுவலகத்தில் ஒருவர் வாரம் ஒரு முறை பார்த்து, பதியாத துறையைக் கேட்க வேண்டும். பதியாதவர் பெயர் மாதாந்தர ஆய்வுக் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

இந்த ஆறாவது விதி இல்லாவிட்டால் மற்ற ஐந்தும் வீண். சென்ற ஆண்டின் கூட்டத்தை இன்றும் காட்டிக்கொண்டிருக்கும் நாட்காட்டியை ஒரு தரம் பார்த்த விவசாயி மறுபடி பார்க்க மாட்டார். பராமரிக்க மனமில்லை என்றால் தொடங்காமல் இருப்பதே மேல்.

ஏற்கெனவே வேலைப் பளு அதிகம் என்று அலுவலர்கள் சொல்லக்கூடும். முகாமுக்கு அழைப்புக் கடிதம் அடிக்கிறார்கள், பத்திரிகைக் குறிப்பு அனுப்புகிறார்கள், வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். அதே நான்கு வரியை ஒரு பெட்டியில் பதிய ஐந்து நிமிடம் போதும். "கூட்டம் எப்போ சார்?" என்று கேட்டு வரும் போன்கள் குறைந்தால் அந்த ஐந்து நிமிடமும் திரும்பக் கிடைத்துவிடும்.

நாம் செய்ய வேண்டியது

எல்லாவற்றையும் அரசாங்கத்தின் தலையில் கட்டிவிட்டு நாம் சும்மா இருப்பது முறையல்ல. அடுத்த கிராம சபையில், "எங்கள் ஊராட்சிக்கு உரிய தேதிகளை மாவட்ட நாட்காட்டியில் ஏற்றி, மாதந்தோறும் அச்சுத் தாள் ஒட்ட வேண்டும்" என்று ஒரு தீர்மானம் போடுங்கள். விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டத்திலும் இதையே மனுவாகக் கொடுங்கள். படித்த பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். தாளைப் படித்து நான்கு வீட்டிற்குச் சொல்லும் வேலையை அவர்களிடம் ஒப்படையுங்கள். தாள் ஒட்டாவிட்டால் கேளுங்கள். கேட்கிறவர்கள் இருக்கும் ஊரில்தான் ஒட்டுகிறவர்களும் இருப்பார்கள்.

முதலில் மாவட்டம் முழுவதும் வேண்டாம் என்று நினைத்தால், கல்வராயன் மலைத் தாலுகாவில் மட்டும் மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம். வழி தூரமும் செலவும் அதிகமான இடம் அது. அங்கே வெற்றி பெற்றால் சின்னசேலத்திலும் சங்கராபுரத்திலும் திருக்கோவிலூரிலும் நிச்சயம் வெற்றி பெறும்.

அன்று என்னோடு திரும்பிய மலை நண்பர், பஸ்ஸில் ஏறும்போது ஒன்று சொன்னார்: "அண்ணே, குறையைத் தீர்க்கிறது அப்புறம் இருக்கட்டும். என்னைக்கு வரணும்னு சரியாச் சொன்னாலே பாதிக் குறை தீர்ந்திடும்." மாவட்ட நிர்வாகம் அந்தப் பாதிக் குறையைத் தீர்க்க இப்போதே ஆவன செய்ய வேண்டும்.